வரத்துக்காலும் குழாயும்: காரைக்குடியின் நீர், கழிவு நிர்வாகம்

1928 முதல் நகராட்சியாக இருந்த காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதனுடன் சேர்ந்தன. எல்லை விரிந்தபோது பேச்சு பெரும்பாலும் வரி உயர்வைப் பற்றியே இருந்தது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: ஊருக்குள் நுழையும் நீருக்கும் ஊரைவிட்டு வெளியேறும் கழிவுக்கும் யார் பொறுப்பு? இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்து நடத்துவதே காரைக்குடி அடங்கிய செட்டிநாட்டின் ஊருணிகள் கெடுவதற்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதிலும் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு கிடையாது. இந்த நிலத்துக்கு ஏற்ற விடையைத்தான் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வீடுகள் தந்தன. நாட்டு ஓட்டுச் சரிவுகள் நான்கு பக்கமிருந்தும் முற்றத்தை நோக்கி இறங்கும். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிப் போகும். அடுத்து வரும் நீரைத் தூம்பின் கீழ் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது முற்றத்து மடை வழியாகத் தெருவாய்க்காலில் இறங்கி, தெருவின் வாட்டத்தோடு நீர்வரத்து வாய்க்காலான வரத்துக்காலைச் சேர்ந்து ஊருணிக்குப் போகும். குடிநீர் ஊருணி வேறு, குளிக்கும் குளம் வேறு. செம்புறாங்கல் கட்டிய கரையில் இறங்கி மொண்டுவந்த கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்தார்கள். வீடு, தெரு, ஊருணி மூன்றும் ஒரே நீர்வழி. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு 2003இல் சொன்னது. செட்டிநாட்டில் அது கட்டடக் கலையிலேயே இருந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டை ஏக்கத்தோடு மட்டும் பார்ப்பது நேர்மையாகாது. காரைக்குடி அன்று சேர்ந்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், 1931இல் ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளுள் ஒன்று, ஒடுக்கப்பட்ட பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது என்பது. நீர் பொதுவாக இருந்தது, உரிமை பொதுவாக இல்லை. நகராட்சிக் குழாய் அந்தத் தடையைத் தெருமுனையிலேயே உடைக்கும் ஆற்றல் கொண்டது. சம்பை ஊற்றுப் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரை, அதன் சுவைக்காகக் காரைக்குடியார் பெருமையோடு பேசும் அந்த நீரை, எல்லாத் தெருவுக்கும் கொண்டுசெல்வது உள்ளாட்சியின் பெரும் சாதனை. அதை விட்டுக்கொடுக்க முடியாது.

சிக்கல் குழாயால் வந்ததன்று. குழாய் வந்தபின் வரத்துக்காலைக் கவனிக்க ஆளில்லாமல் போனதால் வந்தது. வீட்டுக்குள் நீர் பெருகியது. அந்த அளவுக்குக் கழிவுநீரும் பெருகி, மழைக்கென வெட்டிய வாய்க்காலிலேயே விழுந்தது. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை குடிநீர் வழங்கலை ஓர் இனமாகவும் பொதுச் சுகாதாரம், திடக்கழிவு ஆகியவற்றை இன்னொரு இனமாகவும் வைக்கிறது. அலுவலகமும் அப்படியே பிரிந்து நிற்கிறது. குழாய் உடைந்தால் பொறியியல் பிரிவு, குப்பை தேங்கினால் சுகாதாரப் பிரிவு, கோயில் குளமென்றால் அறநிலையத்துறை, நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள கண்மாயென்றால் நீர்வளத்துறை. வரத்துக்கால் இவர்கள் எல்லோருடைய எல்லையையும் கடந்து போகிறது. அதனாலேயே அது யாருடையதாகவும் இல்லை. தூய்மைப் பணியாளர் வாய்க்காலில் அள்ளிய மண்ணையும் பிளாஸ்டிக்கையும் ஓரத்திலேயே குவிக்கிறார். எடுத்துச்செல்ல வண்டி வருவதற்குள் மழை வந்தால் அத்தனையும் திரும்ப உள்ளே சரிந்து ஊருணிக்குப் போகிறது. இது பணியாளரின் குறையன்று, வேலையைப் பிரித்த முறையின் குறை.

பாதாளச் சாக்கடைத் திட்டம் முடிந்தால் எல்லாம் தீருமென்பார்கள். பாதி உண்மை. வீட்டு இணைப்பு முழுமையாகும் வரை பழைய வாய்க்காலே சாக்கடையாக நீடிக்கும். முழுமையானபின்பும் தூர்ந்த வரத்துக்கால் தானாகத் திறந்துகொள்ளாது. ஊருணியைத் தூர்வாரிக் கரைகட்டும் திட்டங்களுக்குப் பணம் கிடைக்கிறது, திறப்புவிழாவும் நடக்கிறது. நீர் வரும் வழியைச் சீர்செய்யாமல் கரையை அழகுபடுத்துவது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும்.

மாநகராட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஊருணிக்கும் அதன் நீர்பிடிப்பை, வார்டு எல்லையைப் பாராமல், ஒரே பொறுப்பின் கீழ் கொண்டுவரலாம். அந்தப் பரப்புக்குள் குழாய், வாய்க்கால், குப்பை மூன்றுக்கும் ஒரே அலுவலர் பதில் சொல்ல வேண்டும். கட்டட அனுமதி தரும்போது கூரைநீர் எங்கே இறங்குகிறது, செப்டிக் டேங்கின் மிகைநீர் எங்கே விழுகிறது என்று அவரே நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். புதிதாகச் சேர்ந்த கோட்டையூரிலும் கண்டனூரிலும் இதைத் தொடங்குவது நல்லது. காரைக்குடியின் நடுப்பகுதி அளவுக்கு அங்கே இன்னும் நெருக்கடி இல்லை.