கஞ்சிராவும் கிடாரும் - 81 வயதுக்காரருக்குக் கிடைத்த கைதட்டல்

சென்னை சபாக்களைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. பாடகர் பெரிய உருப்படியை முடித்துவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். தனி ஆவர்த்தனம் ஆரம்பம். அரங்கில் பாதிப் பேர் எழுந்து விடுவார்கள். எங்கே? கேண்டீனுக்குத்தான்! அடை அவியல் ஆறிப்போய்விடும் அல்லவா?

2023 ஜனவரியில் பெங்களூரு, மும்பை, கொல்கத்தா, டெல்லி நகரங்களில் இதற்கு நேர் எதிரான காட்சி நடந்தது. 'சக்தி' என்ற குழு தன் 50ஆம் ஆண்டைக் கொண்டாட வந்திருந்தது. அங்கே தபலாவும் கஞ்சிராவும் கொன்னக்கோலும் மோதிக்கொள்ளும் நேரம்தான் கூட்டம் அதிகம் ஆர்ப்பரித்த நேரம். ஒருவரும் டிபனைத் தேடிப் போகவில்லை. மேடையில் கிடாருடன் இருந்தவர் ஜான் மெக்லாஃப்லின், இங்கிலாந்துக்காரர். அந்த மாதம்தான் அவருக்கு 81 வயது முடிந்திருந்தது.

அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. அதில் புதுக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

சத்தத்தில் ஆரம்பித்த புகழ்

மெக்லாஃப்லின் 1942 ஜனவரி 4 அன்று யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1969ல் அமெரிக்கா போனார். போன கையோடு மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். ஜாஸ் இசையை ராக் இசையின் மின்சார ஒலியோடு கலந்த 'ஃப்யூஷன்' பிறந்த காலம் அது. 1971ல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். பெயரைப் பார்த்து பஜனை கோஷ்டி என்று நினைத்துவிட வேண்டாம்! அவருடைய குரு ஸ்ரீ சின்மாய் அவருக்குக் கொடுத்த பெயர்தான் மகாவிஷ்ணு. குழுவோ காது கிழியும் சத்தத்துக்கும் மின்னல் வேகத்துக்கும் பேர் போனது. ராக் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

புகழ் அப்படி இருக்கும்போதே அவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். உலகமே வேகமான விரல் என்று கொண்டாடிய ஒருவர், மாணவனாக உட்கார்ந்து சரளி வரிசைக்காரர்களின் உலகத்துக்குள் நுழைந்தார்.

அதன் விளைவுதான் சக்தி. வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச்.விநாயக்ராம் (விக்கு), மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவாகி, 1976ல் வெளிவந்தது.

ரசிகர்கள் ஏமாந்தார்கள்

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ரசிகர்கள் எதிர்பார்த்தது ஆளுயர ஒலிபெருக்கிகள், டிரம்ஸ், மின்சாரக் கிடார். பார்த்தது என்ன? மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த நாலைந்து பேர். ஒருவர் கையில் ஒரு மண்பானை!

அந்தக் கிடாரும் புது மாதிரி. வீணையில் கம்பியை அழுத்தியும் இழுத்தும் கமகம் கொடுப்பதுபோல வாசிக்க, கிடாரின் கட்டைகளுக்கு நடுவே பள்ளம் குடைந்திருந்தார்கள். துணை அதிர்வுக்குத் தனிக் கம்பிகள் வேறு. ஆனால் பழைய ரசிகர்களில் பலருக்கு அது வேண்டியிருக்கவில்லை. விற்பனை மகாவிஷ்ணு காலத்தை எட்டவில்லை. மூன்று இசைத்தட்டுகளோடு 1978ல் சக்தி கலைந்தது.

வரவு செலவு பார்த்தால் இது நஷ்டக் கணக்கு. நிச்சய வருமானம் தரும் சரக்கைக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் கேட்காத சரக்கை அடுக்கியதுபோல. ஆனால் அந்த மூன்று தட்டுகளும் கைமாறிக்கொண்டே இருந்தன. கேட்டவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். ரசிகர் கூட்டம் குழு கலைந்த பிறகு மெதுவாக வளர்ந்தது.

புதுக்கோட்டைக்கு என்ன சம்பந்தம்?

1997ல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மறுபடி கூடியது. பிறகு மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் சேர்ந்தார். விக்குவின் இடத்துக்கு அவர் மகன் வி.செல்வகணேஷ் வந்தார். அவர் முக்கியமாகக் கொண்டுவந்தது கஞ்சிரா.

கஞ்சிரா என்பது ஏழெட்டு அங்குல அகலமுள்ள பலாமரச் சட்டம். ஒரு பக்கம் தோல், சட்டத்தின் பிளவில் சில நாணயத் தகடுகள், அவ்வளவுதான். ஒரு கை பிடித்துக்கொள்ளும், மறு கை வாசிக்கும். தோலின் உட்புறத்தில் தண்ணீர் தடவினால்தான் அந்த ஆழமான 'கும்' ஒலி வரும். முன்பு உடும்புத் தோல் போட்டார்கள். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி ஆனதால் வேறு தோல்களைத் தேடவேண்டி வந்தது.

பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தவில் பயின்ற கையோடு கஞ்சிராவை எடுத்து, தவிலின் கணக்குகளை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875 - 1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய பெயர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் இடது கைப் பழக்கத்தோடு மிருதங்க உலகை ஆண்ட பழனி சுப்பிரமணிய பிள்ளை. இந்த வரிசையைத்தான் புதுக்கோட்டை பாணி என்கிறார்கள். லயக் கணக்கில் கெட்டியான பாணி.

செல்வகணேஷ் புதுக்கோட்டைக்காரர் அல்ல. தந்தையிடமும் ஜி.ஹரிசங்கரிடமும் கற்றவர். ஆனால் கஞ்சிராவுக்கு மேடையில் தனியாக ஒரு இடம் உண்டு என்பதை முதலில் நிரூபித்த ஊர் புதுக்கோட்டை. அந்த நிரூபணம் இல்லையென்றால் மும்பையிலும் நியூயார்க்கிலும் கஞ்சிராத் தனிக்கு ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இரண்டு கதைகளுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. மான்பூண்டியா பிள்ளை மதிப்புக் குறைந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். மெக்லாஃப்லின் மதிப்பு மிகுந்த வாத்தியத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். தாளக்காரரைப் பக்கவாத்தியமாகப் பார்க்காமல் சமமாக உட்கார வைத்தார். கொன்னக்கோலைத் தானும் கற்று, அதைச் சொல்லித்தரும் ஒரு டிவிடியையே செல்வகணேஷுடன் சேர்ந்து 2007ல் வெளியிட்டார்.

கை வலித்த காலம்

பிறகு வயது வந்தது. கிடார் கலைஞருக்கு வரக்கூடாத இடத்தில் வந்தது. கை மூட்டுகளில் வாதம். 2017 கடைசியில் செய்யும் அமெரிக்கச் சுற்றுப்பயணம்தான் அந்த நாட்டில் தன் கடைசிப் பயணம் என்று அறிவித்தார். ஜிம்மி ஹெர்ரிங் என்ற இளைய கிடார் கலைஞரின் குழுவும் அவருடைய குழுவும் சேர்ந்து, 1970களின் மகாவிஷ்ணு பாடல்களை வாசித்தார்கள். ஒரு காலத்தில் அந்த இசைக்காகவே அவரைக் கொண்டாடி, சக்தி வந்தபோது முகம் சுளித்தவர்களுக்கும் இதைவிட நல்ல விடைபெறல் கிடைத்திருக்காது. அதே 2017ல் லண்டனில் வாசித்த ஒரு பதிவுக்கு மறு வருடம் கிராமி கிடைத்தது.

ஆனால் கதை முடியவில்லை. கை தேறியது. கொரோனா காலத்தில் சக்தி உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி பதிவு செய்து அனுப்ப, 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்பு உருவானது. அதன் முதல் உருப்படி 2014ல் 45 வயதில் மறைந்த மாண்டலின் ஸ்ரீனிவாஸின் நினைவாக அமைந்தது. சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் குழுவில் இருந்தார்கள். தொகுப்பு 2023 ஜூனில் வந்தது. 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது.

கைதட்டலின் மொழி

ஜாஸ் கச்சேரியில் ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடித்ததும் கைதட்டுவது வழக்கம். கர்நாடகக் கச்சேரியில் ரசிகர் தொடையில் தாளம் போடுவார். கோர்வை சரியாக வந்து சமத்தில் விழுந்ததும் 'பலே' என்பார். சக்தி கச்சேரியில் இந்த இரண்டும் கலந்துவிடும். எண்ணிக்கொண்டே கேட்பவரும், எண்ணத் தெரியாமல் கேட்பவரும் ஒரே நொடியில் கத்துவார்கள். சமம் வந்துவிட்டது என்று காது சொல்லிவிடுகிறதே!

81 வயதில் மெக்லாஃப்லினின் விரல்களில் 1971ன் மூர்க்கம் இருந்திருக்க முடியாது. இருந்தும் ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். வேகத்துக்கு மட்டும் என்றால் யூடியூபில் எத்தனையோ இளைஞர்கள் வாசிக்கிறார்கள். கூட்டம் எழுந்தது, 1975ல் லாபமான வழியை விட்டுவிட்டு ஒரு பானைக்காரரோடு தரையில் உட்கார்ந்த அந்த முடிவுக்காகவும்தான். அன்று தராத கைதட்டலை வட்டியோடு திருப்பித் தந்ததுபோல.

இதில் ஒரு சோகமும் உண்டு. 'இந்தப் பெரியவரைப் பார்க்க இதுதான் கடைசி வாய்ப்பு' என்று நினைத்துப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் 2024 டிசம்பர் 15 அன்று மறைந்தவர் ஜாகிர் உசேன். அவருக்கு 73 வயது. மெக்லாஃப்லினைவிட ஒன்பது வயது இளையவர். யாருக்காகப் பதறிப் போனார்களோ அவர் இருந்தார். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைத்தவர் போய்விட்டார்.

கலைஞர்கள் விஷயத்தில் 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு சரிப்பட்டு வராது. அதற்கு மும்பை, டெல்லி வரை போக வேண்டியதும் இல்லை. திருக்கோகர்ணத்தில் ஒரு திருவிழாக் கச்சேரியில் வயதான ஒருவர் கஞ்சிராவில் தண்ணீர் தடவிக்கொண்டிருக்கலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். காபி எங்கேயும் ஓடிவிடாது.