ஸ்போர்ட்ஸ் காரும் மைலேஜ் கணக்கும்

நம் கார் பார்க்கிங்கில் புது வண்டி எது வந்து நின்றாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "என்ன மைலேஜ் கொடுக்குது சார்?" போன மாதம் பி பிளாக்குக்கு வந்த விருந்தாளி ஒருவர் இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். பழக்க தோஷம், அவரிடமும் இதையே கேட்டேன். "இந்த மாதிரி வண்டி வாங்கறவங்க அதைக் கேக்க மாட்டாங்க அங்கிள்" என்று சிரித்தார்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் காரிடம் கறாராக மைலேஜ் கேட்ட காலம் ஒன்று இருந்தது. கேட்டது அமெரிக்க அரசாங்கம். பதில் சொல்ல வேண்டியிருந்த வண்டிகளில் முக்கியமானது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கார்வெட். வேலைக்காலம் முழுவதும் வங்கியில் லெட்ஜர் பார்த்த எனக்கு இது கார் கதையாகத் தெரியவில்லை. கணக்குக் கதையாகவே தெரிகிறது.

மலிவுப் பெட்ரோல் காலம்

கார்வெட் 1953-ல் அறிமுகமானது. அந்த வருஷம் தயாரானவை 300 வண்டிகள் மட்டுமே. அடுத்த இருபது ஆண்டுகளில் அதன் இன்ஜின் வளர்ந்துகொண்டே போனது. 1970-ல் 7.4 லிட்டர் இன்ஜினோடும் வாங்க முடிந்தது. நம்மில் பலருக்கு முதல் காராக இருந்த மாருதி 800-ன் இன்ஜின் 0.8 லிட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். பெட்ரோல் மலிவு, சாலை அகலம், யாரும் கணக்குக் கேட்கவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பேரல் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், அடுத்த ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் வரிசைகள் நீண்டன. 1974 ஜனவரி 2-ஆம் தேதி, நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். 7.4 லிட்டர் இன்ஜின் அந்த ஆண்டோடு கார்வெட்டிலிருந்து விடைபெற்றது.

இரண்டு சட்டங்கள்

இதன் பிறகு வந்த இரண்டு சட்டங்கள்தான் கதையின் மையம்.

முதலாவது 1975-ல் வந்தது. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும் என்றது. 1978-ல் காலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 7.6 கிலோமீட்டரிலிருந்து 11.7 கிலோமீட்டர். குறைந்தால் அபராதம். ஆனால் சராசரி என்பதில் ஒரு வசதி உண்டு. சிக்கனமான சின்னக் கார்களை நிறைய விற்றால், அந்த நிழலில் ஒரு கார்வெட் ஒளிந்துகொள்ளலாம். நல்ல கடன்கள் நடுவே ஒரு வாராக்கடன் ஒளிந்துகொள்வது மாதிரி.

இரண்டாவது சட்டம் 1978-ல், அதிபர் கார்ட்டர் காலத்தில் வந்தது. அது வண்டி வண்டியாகக் கணக்குப் பார்த்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மைலேஜ் தரும் ஒவ்வொரு காருக்கும் தனி வரி. 1980-ல் அந்த எல்லை 15 மைல். 1986-க்குள் அதை 22.5 மைலாக, லிட்டருக்கு சுமார் 9.6 கிலோமீட்டராக, உயர்த்திவிட்டார்கள். 1991 முதல் மிக மோசமான வண்டிக்கு வரி 7,700 டாலர். இதில் நிழல் கிடையாது. அவரவர் கணக்கை அவரவரே நேர் செய்ய வேண்டும்.

குறைந்தது சக்தியா, கணக்கா?

1970-ல் கார்வெட்டின் ஒரு இன்ஜினுக்கு 370 குதிரைசக்தி என்று விளம்பரம் வந்தது. 1975-ல் அடிப்படை மாடலுக்கு 165. எண்ணெய் நெருக்கடி ஸ்போர்ட்ஸ் காரைக் கொன்றுவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும்தான் காட்டுவார்கள்.

ஆனால் நடுவில், 1972-ல், கணக்கு எழுதும் முறையே மாறியது. அதுவரை இன்ஜினைத் தனியாகக் கழற்றி வைத்து அளந்தார்கள். அதன் பிறகு சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி, வண்டியில் இருப்பது போலவே வைத்து அளந்தார்கள். முன்னது மொத்த வருமானம், பின்னது பிடித்தம் போகக் கைக்கு வருவது. மேலே சொன்ன அதே வகை இன்ஜின் 1972-ன் முறையில் 255 என்று பதிவானது. ஆகவே வீழ்ச்சியில் ஒரு பகுதி வெறும் பேரேட்டு மாற்றம். மீதி உண்மையான வீழ்ச்சி. அதிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

உண்மையான சேமிப்பு

பெரிய இன்ஜின் ஏன் பெட்ரோல் குடிக்கிறது? 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக ஒரு காருக்கு இருபது குதிரைசக்தி இருந்தாலே பெரும்பாலும் போதும். இருநூறுக்கு மேல் கொடுக்கக்கூடிய இன்ஜின், அப்போது தன் மூச்சைத் தானே அடக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒரு சிரிஞ்சின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பாருங்கள். அந்த இழுவைக்கே பெட்ரோல் செலவாகிறது. இதைக் குறைக்க வழி, உயர்ந்த கியரில் இன்ஜினை மெதுவாகச் சுழலவிட்டு, மூச்சைக் கொஞ்சம் தாராளமாக விடச் செய்வது.

1984-ல் வந்த புதிய கார்வெட் இந்தத் திசையில் போனது. காற்றைக் கிழிக்கும் வடிவத்தைத் திருத்தினார்கள். நான்கு கியரில் மேல் மூன்றுக்கும் ஓவர்டிரைவ் சேர்த்தார்கள். 1997-ல் வந்த மாடலில் ஆறாவது கியரில் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 1,400 சுற்றுதான் சுற்றும். பல சின்னக் கார்கள் இதைவிட ஆயிரம் சுற்று கூடுதலாகச் சுற்றும். விளைவு, 345 குதிரைசக்தி உள்ள வண்டி நெடுஞ்சாலைச் சோதனையில் லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் கொடுத்தது. 2014-ல், அவசரமில்லாதபோது எட்டு சிலிண்டரில் நான்கை ஓய்வெடுக்கச் செய்யும் ஏற்பாடும் வந்தது. சட்டம் நெருக்கியிராவிட்டால் இவ்வளவு அக்கறை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மார்ச் 31 வேலை

இன்னொரு பக்கமும் உண்டு. 1989-ல் கார்வெட்டில் ஆறு கியர் வந்தபோது ஒரு வினோதமான ஏற்பாடும் கூடவே வந்தது. இன்ஜின் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து, மணிக்கு சுமார் 19-லிருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றப் போனால், கியர் இரண்டாவதுக்குப் போகாது. கம்ப்யூட்டர் அதைத் தடுத்து நேராக நான்காவதுக்குத் தள்ளிவிடும். அழுத்தி மிதித்தால் தடை இல்லை.

ஏன் இப்படி? அரசின் மைலேஜ் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வகத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, எழுதிவைத்த வேகங்களில் மென்மையாக ஓட்டி எடுக்கிறார்கள். அந்த மென்மையான ஓட்டத்தில் இரண்டும் மூன்றும் இல்லாமல் போனால் மைலேஜ் எண் கூடும். வண்டி வரி எல்லையைத் தாண்டித் தப்பித்துவிடும்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மார்ச் கடைசி வாரத்தில் எங்கிருந்தோ டெபாசிட் வந்து குவியும். 31-ஆம் தேதி பேலன்ஸ் ஷீட் அழகாக இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த பணம் வந்த வழியே போய்விடும்.

இங்கும் அதுதான் நடந்தது. நான்காவது கியரில் மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது பொய்யில்லை. ஆனால் காசு கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தடையை முடக்கும் சின்ன பிளக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பலர் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஏட்டில் சேமிப்பு அப்படியே இருந்தது, சாலையில் இல்லை.

அந்த வரியில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது கார்களுக்கு மட்டும். பிக்கப், எஸ்.யூ.வி. போன்றவை அதில் வராது. இரண்டு பேர் போகும் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வரிக்குப் பயந்து கியரைத் தாண்டிக்கொண்டிருக்க, அதைவிட அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகள் வரியில்லாமல் பெருகின.

எதை அளக்க வேண்டும்?

இத்தனை சுற்றுவழி எதற்கு? நேர்வழி ஒன்று இருந்தது: பெட்ரோல் மீதே வரி. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1959 முதல் 1983 வரை காலனுக்கு 4 சென்ட்தான். எண்ணெய் நெருக்கடி வந்தபோதும் அதை ஏற்ற அரசியல்வாதிகளுக்குத் துணிவு வரவில்லை. 1993-ல் 18.4 சென்ட் ஆனது. அதன் பிறகு ஏறவே இல்லை. வாக்காளர் கண்ணில் படும் இடத்தில் கை வைக்காமல், கார் கம்பெனியின் கணக்கில் கை வைத்தார்கள். அதனால் வண்டியை அளந்தார்கள், ஓட்டுபவரின் வலது காலை அளக்கவில்லை.

மைலேஜின் பெரும் பகுதி அந்தக் காலில்தான் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எண்பதில் போவதற்கும் நூற்றிருபதில் போவதற்கும் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. நிதானமாக ஓட்டப்படும் கார்வெட், விரட்டி ஓட்டப்படும் சின்னக் காரை மைலேஜில் தோற்கடிப்பதும் நடக்கும்.

நாம் பங்கில் கொடுக்கும் விலையில் கணிசமான பகுதி வரி. அதைப் பற்றி லிஃப்டில் தினமும் புலம்புகிறோம். புலம்ப நியாயமும் உண்டு. ஆனால் அந்த வரிக்கு மார்ச் 31 கிடையாது. ஒவ்வொரு லிட்டரையும் அன்றன்றே எண்ணிவிடுகிறது. கியரைத் தாண்டி அதை ஏமாற்ற முடியாது. காலைத் தூக்கினால் மட்டுமே குறையும்.

சிவப்புக் கார் நண்பர் மறுபடி வந்தால் இனி என் கேள்வியை மாற்றிக் கேட்பேன்: "வண்டி என்ன மைலேஜ் கொடுக்கும்னு கேக்கல தம்பி. நீங்க ஓட்டினா என்ன கொடுக்குது?"