குடியுரிமையும் ஊர்ப் பயணமும்



நம் தாத்தா பாட்டி காலத்தில் குடியுரிமை ஆண்டுக் கணக்கில் நின்றது. 1948-ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தப்படி, வெளிநாட்டில் பிறந்தவர் மனுச் செய்ய, முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கே பிறந்தவருக்கு 12-இல் 8.

நம்மவர்களோ கலியாணம், நிலபுலம், தாய் தகப்பன் காரியம் என்று ரஜூலா கப்பலேறுவார்கள். "ரெண்டு மாசத்துல வந்துடுவோம்" என்பார்கள். ரெண்டு வருஷம் ஓடிவிடும். அங்கே தங்கிய காலம் இந்தக் கணக்கில் குறைந்தது.

1957-இல் சுதந்திரம் வந்தபோது விதி தளர்ந்தது. இங்கே பிறந்தவருக்கு 7-இல் 5 ஆண்டு போதும். வந்து குடியேறியவருக்கு 12-இல் 8. ஆறு மாதத்துக்குக் குறைந்த பயணம் குறையாகக் கொள்ளப்படவில்லை. இங்கே பிறந்தவர் முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழிச் சோதனையும் இல்லை.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பால்மரத்தை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

உழைப்பு இருந்தது, கையில் பத்திரம் இல்லை. ஆகவே பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்!