யானை ஏறிய துறை, குதிரை வளர்த்த தீவு

சென்ற வாரம் யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து முனைகளையும் சுற்றி வந்தோம். அந்தக் கோட்டைக்குச் சோறு போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால், பண்ணைப் பாலம் தாண்டி மேற்கே போக வேண்டும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று இருபுறமும் பரவைக்கடலும் பனையுமாகச் சாலை நீளும். ஒரு கிளை ஊர்காவற்துறையில் முடிகிறது. இன்னொன்று வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு சென்று, குறிகட்டுவான் இறங்குதுறையில் நம்மைப் படகுக்கு ஒப்படைக்கிறது.

கோட்டை பார்க்கப் போவது என்றால் ஜெர்மனிக்காரர்களுக்கு ரைன் நதியோரக் காடுகள்தான் நினைவுக்கு வரும். முதுகில் பையோடு மரநிழலில் நாள் முழுக்க நடப்பார்கள். வளைவுக்கு வளைவு ஒரு இடிந்த கோட்டை. இந்தத் தீவகத்தில் அந்த நிழல் கிடையாது. ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. ரைன் கரைக் கோட்டைகளில் பல, வீரத்துக்காகக் கட்டியவை அல்ல. ஆற்றில் போகும் படகை மறித்துச் சுங்கம் வாங்கக் கட்டியவை. கவுப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் 1326-27இல் எழுந்த கோட்டை அதற்கு நல்ல சாட்சி. கரைக்கும் கோட்டைக்கும் இடையே சங்கிலி கட்டி, காசு கொடுத்த பிறகே படகை விட்டார்கள். நம் தீவகக் கோட்டைகளையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அவற்றின் கணக்குப் புரியும். இங்கே காசு யானையாகவும் குதிரையாகவும் நடமாடியது.

இதற்கான முதல் சான்று நயினாதீவில் இருக்கிறது, கோட்டையாக அல்ல, கல்வெட்டாக. நாகபூசணி அம்மன் கோவிலைச் சேர்ந்த இந்தத் தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள மன்னன் ஒருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான் என்பதையே இன்று பலர் நம்ப மறுப்பார்கள். துறைமுக வணிகத்தின் மொழி எதுவோ அதில் எழுதினான், அவ்வளவுதான். பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து 1963இல் வெளியிட்டார்.

ஆணை சொல்வது இது: பரதேசி வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், கரை சேர்ந்ததில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்துறை.

அந்தப் பங்கு வித்தியாசத்தைச் சற்று நின்று பாருங்கள். கப்பல் உடைந்தாலும் முக்கால் பங்கு உனக்கு என்று ஒரு மன்னன் சொல்கிறான் என்றால், அந்த மிருகங்கள் அவனுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும்! வணிகனுக்கு அவன் தந்தது ஒருவகைக் கப்பல் காப்புறுதி. லண்டனில் லாய்ட்ஸ் காப்புறுதி தொடங்கியதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது.

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த பிறகு போர்த்துக்கேயர் இதே துறையைத்தான் பூட்டுப் போட்டுக் காத்தார்கள். ஊர்காவற்துறைக் கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பது முட்புதருக்கு இடையே சில சுவர்கள். எதிரே காரைநகர், நடுவே ஒடுங்கிய கடல்வாய். பெரிய கலங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குள் நுழைய வேண்டுமானால் இந்த வாயால்தான் நுழைய வேண்டும். அந்த வாயின் நடுவிலேயே, மணல்திட்டின்மேல் இன்னொரு கோட்டை. நாம் கடற்கோட்டை என்கிறோம். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல்.

ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் பாதைப் படகில் ஏறினால் கடற்கோட்டை நன்றாகத் தெரியும். எண்கோண வடிவம், கடலில் இருந்து நேராக எழும் மதில், ஒரே வாசல். உள்ளே கிணறு இல்லை. அதன் கதை முழுவதும் இந்த ஒரு குறையில்தான் சுற்றுகிறது.

1658இல் ரைக்லொஃப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டபடியே, கடல்வழி உதவி வராமல் இந்தக் கோட்டையையும் வளைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் தாக்குப் பிடித்தது. மதில் உடையவில்லை, தண்ணீர் தீர்ந்தது. சேமித்து வைத்த குடிநீர் பீரங்கிக்கு இரையானதும், சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் தாகத்தால் சரணடைந்தார்கள். ஜூன் மாதம் யாழ்ப்பாணமும் விழுந்தது. படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயுஸ் பிறகு யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

வென்றவர்கள் பாடம் கற்றார்கள். அலை அடித்து அரித்த மணல் அத்திவாரத்தைச் சுற்றிக் கல்லணை போட்டார்கள். கோட்டையைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். மழைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டி உள்ளே இருக்கிறது. போர்க்களத்து வீரத்தைவிட அந்தத் தொட்டிதான் என் கண்ணுக்குப் பெரிய வரலாற்றுச் சின்னம்.

ஒல்லாந்தருக்கு இந்த வாயின் அருமை யானையால் தெரிந்தது. வன்னிமைகள் திறையாகக் கொடுத்த யானைகளும், வன்னிக் காடுகளில் பிடித்தவையும் ஆனையிறவில் நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் நடந்தன. சோழமண்டலக் கரை, கோல்கொண்டா, வங்காளம் என்று பல பக்கத்து வணிகர்கள் அவற்றை வாங்கக் காத்திருந்தார்கள். ஊர்காவற்துறையில் யானை கப்பல் ஏறியது. காடே இல்லாத தீவில் நிற்கிற கோட்டை, வன்னிக் காட்டின் வருமானத்துக்குக் காவல் நின்றது.

ஊர் இந்தக் கோட்டையை ஞாபகம் வைத்திருப்பது யானைக்காக அல்ல, பூதத்தம்பிக்காக. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் பூதத்தம்பி முதலியார் மரண தண்டனை பெற்ற கதை தீவகத்துக் கூத்து மேடைகளில் விடிய விடிய ஆடப்பட்டது. அழகவல்லிமேல் ஆசை வைத்த அந்திராசி என்பவன், அவள் கணவன் பூதத்தம்பியிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிச் சதிகாரனாக்கினான் என்பது கதை. 1658இல் ஒல்லாந்தருக்கு எதிராக ஒரு சதி நடந்ததும், பலர் கொல்லப்பட்டதும் பல்தேயுஸ் எழுதியதில் உண்டு. வெற்றுத்தாள் கதை மக்களுடையது. கோட்டையையே பூதத்தம்பிக் கோட்டை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

1795இல் ஆங்கிலேயர் வந்தபோது சண்டையே இல்லை. பிறகு தொற்றுநோய் மருத்துவமனை, சிறை. 1971 கிளர்ச்சியை ஒட்டி அதன் தலைவர் ரோகண விஜேவீர இங்கே அடைக்கப்பட்டார். இப்போது இலங்கைக் கடற்படை நடத்தும் விடுதி. சிறையாக இருந்த இடத்தில் பணம் கட்டி இரவு தங்கலாம் என்பது எனக்கு ரசிக்கவில்லை. ஆனாலும் விடுதி ஆனதால்தான் மதில் பராமரிக்கப்படுகிறது என்பதையும் மறைக்க முடியாது.

இனி நெடுந்தீவு. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம். ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டுமே. குறிகட்டுவானில் இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். இந்தக் கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவின் வரலாற்றை எழுதுகிறவன் இதைத் தாண்டிக் கோட்டைக்குப் போக முடியாது.

மாவிலித்துறையில் இறங்கி நடந்தால், மருத்துவமனைக்குப் பின்னால் கடலை ஒட்டிப் போர்த்துக்கேயர் காலக் கோட்டையின் மிச்சம். மாடி வைத்துக் கட்டிய கட்டடம். கூரை போய், தளமும் போய், தடித்த சுவர்கள் நிற்கின்றன. சாந்து உதிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். கருங்கல் இல்லை, செங்கல் இல்லை, முருகைக்கல். ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு குழியிலும் ஒரு பவளப்பூச்சி குடியிருந்தது. கல்லை ஒட்டிய சுண்ணாம்பும் அதே முருகைக்கல்லைச் சுட்டு எடுத்ததுதான். ஊரில் வீட்டு வேலிகளும் இதே கல். சாந்தில்லாமல் அடுக்கியவை, காற்று இடுக்கால் புகுந்து போகும், வேலி விழாது.

அருகே ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு ஒன்றும் உண்டு. தூதுப் புறா வளர்த்த இடம். தீவின் மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை என்று மக்கள் காட்டும் மேடுகள் வேறு ரகம். முக்குவர் தலைவன் வெடியரசனின் கோட்டை என்கிறது ஊர். பௌத்த தாதுகோபங்களின் அடித்தளம் என்கிறது தொல்லியல். தமிழரிடையேயும் பௌத்தம் செழித்திருந்தது என்பதை மணிமேகலை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதில் சண்டை பிடிக்க எதுவும் இல்லை என்பது என் கட்சி.

கல்வெட்டில் யானைக்குப் பக்கத்தில் நின்ற குதிரை இங்கே கண்ணெதிரே மேய்கிறது. ஐரோப்பியர் இந்தத் தீவைக் குதிரைப் பண்ணையாக்கினார்கள். ஆங்கிலேயர் தொடக்க காலத்தில் லெப்டினன்ட் நோலன் என்பவர் பொறுப்பில் இருந்து, தீவின் ராசாவைப் போல வாழ்ந்தார். பண்ணை போனது, சாறாப்பிட்டியில் லாயத்துத் தூண்களும், வெட்டவெளியில் மட்டக்குதிரைகளும் மிஞ்சின. கோடை கடுத்து நீர்நிலைகள் வற்றும் ஆண்டுகளில் அவை தண்ணீரின்றிச் சாகின்றன.

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அம்மனைக் கும்பிட்ட பிறகு அந்தக் கல்வெட்டு எங்கே என்று கோவிலில் கேளுங்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே குறிகட்டுவானுக்கு வந்துவிடுங்கள், குடிதண்ணீர் கொண்டு போங்கள். கோட்டைச் சுவரில் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள். விழுந்து கிடக்கும் முருகைக்கல்லில் ஒரு சிறு துண்டைக்கூட ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள். கடலில் முருகைக்கல் எடுப்பதை இன்று சட்டம் தடுத்திருக்கிறது. அந்தச் சுவரை நாளைக்குத் திருத்திக் கட்ட யாராவது முன்வந்தால், அவர்களுக்குக் கிடைக்கப்போவது அங்கே விழுந்து கிடக்கும் கல் மட்டும்தான்.

(தொடரும்)