அட்டையில் ஏறாத பயணிகள்

வரலாற்றைத் தேடுவோர் கல்வெட்டிடம் போவார்கள், ஏட்டிடம் போவார்கள், அரசாங்கக் கோவைகளிடம் போவார்கள். பிரயாணத்தின் நடுவே வாங்கி, நலம் என்று இரண்டு வரி எழுதி, முத்திரை ஒட்டித் தபாற்பெட்டியில் போட்ட பட அட்டையிடம் அதிகம் பேர் போவதில்லை. அற்பப் பொருள்தானே என்ற எண்ணம். ஆனால் நமது மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் பழைய கோலத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் அந்த அற்பப் பொருளே பெருந்துணை.

நான் பல்லேகலவில் வசிப்பவன். எங்கள் ஊருக்குத் தண்டவாளம் வரவில்லை. கோச்சிச் சத்தம் கேட்க வேண்டுமானால் கண்டிக்குத்தான் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, தமிழ் படிப்பிக்கும் எனக்கு மலை ஏறும் இரயில்களின் பழைய பட அட்டைகளைச் சேர்க்கும் ஆசை பிடித்தது. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தவையும் வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பியவையுமாகச் சில அட்டைகள் என்னிடம் உண்டு. அவை எனக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓர் அட்டை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது படத்தையல்ல, முதுகை. ஆரம்ப காலத்தில் அட்டையின் முதுகில் விலாசம் மட்டுமே எழுதலாம். செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். 1902இல் பிரித்தானியத் தபால் இலாகா முதுகை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் செய்தியும் மறுபுறம் விலாசமும் எழுத இடம்கொடுத்தது. மற்ற நாடுகளும் அடுத்தடுத்து அவ்வழி வந்தன. ஆகவே கோடில்லாத முதுகு பெரும்பாலும் முந்திய காலத்தது. முத்திரையில் இருக்கும் முகம் இன்னொரு சாட்சி: ஏழாம் எட்வர்ட் என்றால் 1901க்கும் 1910க்கும் இடைப்பட்ட ஆட்சி, ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் அதற்குப் பின்.

வண்ணத்தை மட்டும் நம்பக்கூடாது. கறுப்பு வெள்ளையாக எடுத்த படத்துக்கு அச்சகத்தில் இருந்தவர்கள் தம் மனம்போல் வண்ணம் ஏற்றினார்கள். அக்காலத்துப் பட அட்டைகளில் பெருந்தொகை முதலாம் உலகப்போருக்கு முன் ஜேர்மனியில் அச்சானவை. கடுகண்ணாவையைக் கண்ணால் காணாத ஒருவர் கடுகண்ணாவைக் காட்டுக்குப் பச்சை பூசியிருக்கலாம். படம் பிடித்தவர்கள் இங்கேதான் இருந்தார்கள். ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே மலைநாட்டைப் படம்பிடித்தன. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் பட அட்டை வெளியீட்டில் பெரும் பெயர் பெற்றது.

இந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் இடம் கடுகண்ணாவைக் கணவாய். செங்குத்தான பாறையின் விளிம்பில், கீழே பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடக்க, வண்டி ஊர்ந்து போகும். ஆங்கிலேயர் அவ்விடத்துக்குச் ‘சென்சேஷன் ரொக்’ என்றே பெயரிட்டார்கள். இந்தப் பாதைக்கு 1858இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் முதல் மண் வெட்டித் தொடக்கிவைத்தார். 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டியை அடைந்தது. ஏறக்குறைய 45 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். கோப்பியை மாட்டு வண்டியில் நாட்கணக்காக இறக்கிய துரைமாருக்கு விரைவான வழி வேண்டியிருந்தது. அதுவே மலை குடையப்பட்ட காரணம். கோப்பி நோயால் அழிந்து தேயிலை தலையெடுத்தபோது பாதையும் மேலே ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை.

இந்த ஆண்டுகளை அறிந்திருந்தால் அட்டையைப் படிப்பது எளிது. இன்று உலகமே படம்பிடிக்கும் எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தை 1914க்கு முந்திய அட்டையில் தேடிப் பயனில்லை. அது 1921இல்தான் எழுந்தது. மாறாக, இன்று நாம் காணமுடியாத ஒன்றை அட்டை காட்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு பாதை இருந்தது. 1903இல் நுவரெலியாவுக்கு ஓடத் தொடங்கிய அந்தக் குட்டி இரயிலில் 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. அதன் தண்டவாளம் இன்று இல்லை. அந்த வண்டியைப் பார்க்க விரும்பும் இளைஞருக்குப் பழைய படத்தைத் தவிர வேறு வழியில்லை.

அட்டைகள் சொன்னது இவ்வளவு. இனி அவை சொல்லாதது.

பழந்தமிழ் இலக்கணம் ஒரு பாட்டில் மூன்றைத் தேடச் சொல்கிறது: நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், அந்நிலத்து மரம், விலங்கு, தொழில் முதலான கருப்பொருள், மக்கள் மனத்து ஒழுக்கமாகிய உரிப்பொருள். மலை இரயில் அட்டைகளில் முதல் இரண்டும் நிறைய உண்டு. மலை உண்டு, மூடுபனி உண்டு, அருவி உண்டு, தேயிலைக் கூடை உண்டு. உரிப்பொருள் எங்கே?

ஆட்கள் இல்லாமலில்லை. தமிழ்க் கூலி என்றும் கொழுந்து பறிக்கும் பெண் என்றும் தனி அட்டைகளே வெளிவந்தன. ஆனால் என் கையில் உள்ளவற்றில் ஒரு தொழிலாளியின் பெயரேனும் இல்லை. விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். யானைக்கும் பனைக்கும் இருப்பதுபோல் மனிதருக்கும் இனப்பெயர் மட்டும். காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் நடுவே அந்த மலையை வெட்டியவர்கள், வேலை முடிந்ததும் படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1881இல் நிறைவான டார்ஜிலிங் பாதையும், 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் அடைந்த நீலகிரிப் பாதையும் இவ்வாறே அட்டைகளில் புகழ்பெற்றன. முன்னது 1999இலும் பின்னது 2005இலும் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. வளைவுக்கும் பாலத்துக்கும் பெயர் கிடைத்தது. கல் சுமந்தவருக்குக் கிடைக்கவில்லை.

நமது மலையக மக்களுக்கு இரயில் வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்த முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். 1914இல் தலைமன்னார் இரயிலும் கப்பலும் இணைந்தன. வரவழைத்த அதே பாதை பின்னர் திருப்பியும் அனுப்பியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்கிட்டது. தகப்பன் ஒரு நாட்டுக்கும் மகள் மறுநாட்டுக்கும் உரியவராயினர். மலைநாட்டு ஸ்தானங்களில் ஏறுகிறவரும் வழியனுப்புகிறவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த வண்டிக்கு மக்களே பெயர் வைத்தார்கள்: ‘ஒப்பாரிக் கோச்சி’.

குறிஞ்சி நிலத்தில் பாலைக்குரிய பிரிவு நிகழ்வதைத் திணைமயக்கம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு இதைவிட உதாரணம் வேறு வேண்டுமா? அந்தக் கோச்சியைக் காட்டும் பட அட்டை ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. துயரத்தை வாங்கி நண்பருக்கு அனுப்புவார் யார்?

ஆகையால் பழைய அட்டைகளைக் கிழித்துப் போடுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. அவற்றைச் சேருங்கள், ஆனால் நடுவைப் பார்ப்பதோடு நில்லாமல் மூலையையும் பாருங்கள். என்னிடமுள்ள ஓர் அட்டையில் எஞ்சினுக்கு அப்பால், மேடையின் ஓரத்தில், மூட்டையின்மேல் சாய்ந்தபடி ஒரு பெண் இருக்கிறாள். படம் எடுத்தவர் அவளை எண்ணி எடுத்திருக்கமாட்டார். வண்ணம் பூசியவர் அவள் சேலைக்குச் சிவப்பு வைக்க மறக்கவில்லை. அவள் வந்தவளா, போகிறவளா என்று அட்டை சொல்லவில்லை. என் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, இவளுக்கு ஒரு பெயர் வையுங்கள், இவள் எழுதியிருக்கக்கூடிய இரண்டு வரியை எழுதுங்கள் என்பேன். பெரும்பாலோர் எழுதுவது நலம் விசாரிப்பதல்ல, “எப்போது வருவாய்?” என்ற கேள்வி.

அது கற்பனை. உண்மையும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. லயத்து அறையின் தகரப் பெட்டியில், பழைய கடவுச்சீட்டோடு ஒரு படம் கிடக்கும். வழியனுப்பு நாளில் எடுத்ததாக இருக்கலாம். படத்தில் இருப்பவரை அறிந்த பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால் இன்றே அவரிடம் கேளுங்கள். எந்த ஸ்தானம், எந்த ஆண்டு, யார் போனார், யார் நின்றார் என்று அதன் முதுகில் எழுதிவையுங்கள். பிளாட்டேயின் அட்டைகளைப் பாதுகாக்கச் சேகரிப்போர் உலகெங்கும் உண்டு. அந்தத் தகரப்பெட்டிப் படத்துக்கு நம்மை விட்டால் வேறு ஆளில்லை.