ஒரே குரலுக்குப் பின்னால் பல தலைநகரங்கள்

அடி அண்ணாமலை வழியே செல்லும் கிரிவலப் பாதையில், பௌர்ணமி இரவுகளில் ‘ஏற்றுமதியில் மிஞ்சியது’ என்று கூவித் திருப்பூர் பனியன்களை விற்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், வகுப்பறையில் நான் பலமுறை விளக்கிய ‘கோட்டா’ நினைவுக்கு வரும். 1974-இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு முழுவதுமாக நீங்கியது 2005 ஜனவரி 1 அன்றுதான்.

வரம்பை விதித்த ஐரோப்பா ஒரே குரலில் பேசியது. ஆனால் அக்குரல் உள்வீட்டுப் பேரத்தில் பிறந்தது. உறுப்பு நாடுகள் கூடி வழங்கும் கட்டளைக்கு உட்பட்டே ஐரோப்பிய ஆணையம் வெளியாருடன் பேசும். 1977-இல் பிரான்சும் பிரிட்டனும் கடுமையைக் கோரின; ஜெர்மனி ஓரளவு தாராளம் காட்டியது. கடுமையின் பக்கமே தராசு சாய்ந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்க இசையுமுன், ஏற்றுமதி நாடுகளைத் தனித்தனியே அழைத்துக் கையெழுத்து வாங்கினர். கோட்டாவும் உறுப்பு நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்டது. ஜெர்மனிக்கான பங்கில் அனுப்ப வேண்டிய சட்டையை டென்மார்க்குக்குத் திருப்பிவிட முடியாது. ஒரு நாட்டில் பங்கு மீந்து கிடக்க, மற்றொன்றில் வாங்குவோர் காத்திருப்பர். 1993-இல் ஒற்றைச் சந்தை வந்த பிறகே இப்பிரிவினை ஒழிந்தது.

ஒப்பந்தத்தில் கைத்தறிக்கு விலக்கு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதிலும் ஒரு முடிச்சு: கைத்தறித் துணியைக் கையாலேயே தைத்தால்தான் ஆடைக்கு விலக்கு. தையல் இயந்திரம் தொட்டால் போயிற்று!

2005-இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். கோட்டா நீங்கியதும் சீன ஆடைகள் பெருகின. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவை தம் ஆலைகளைக் காக்கக் கோரின. ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து ஆகியவை தம் கடைக்காரர்களுக்காக வாதாடின. அவ்வாண்டு ஜூனில் ஷாங்காயில் பத்து வகைப் பொருள்களுக்கு மீண்டும் வரம்பு விதிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே அது நிரம்பி, கோடிக்கணக்கான ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. அவற்றுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் ஐரோப்பிய வணிகர்கள்தாம். அவர்கள் எழுப்பிய கூக்குரலுக்குப் பின், செப்டம்பரில் பெய்ஜிங்கில் புதிய உடன்பாடு கண்டு சரக்கை விடுவித்தனர். தேங்கியதில் பாதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதிக்கொண்டனர்.

ஐரோப்பிய ஒன்றியத்துடன் இந்தியா 2007-இல் தொடங்கிய வணிகப் பேச்சு, 2013-இல் முடங்கி, 2022-இல் உயிர்பெற்று, 2026 ஜனவரியில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. வங்கதேசம் வரியின்றி நுழைந்த சந்தையில் திருப்பூர் வரி கட்டி நின்றது நெடுங்காலக் குறை; வரி விலகுவது நல்ல செய்தியே. ஆனால், இனி வரும் தடை வரியாகவோ கோட்டாவாகவோ வராது என்பது என் கணிப்பு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறையின்படி, இழை முதல் சாயம் வரை ஒவ்வோர் ஆடையின் வரலாற்றையும் மின்னணுக் கடவுச்சீட்டில் காட்டவேண்டி வரலாம். பெரிய ஆலைகள் சமாளித்துவிடும். பத்துத் தையல் இயந்திரங்களுடன் ஜாப் ஒர்க் செய்பவர் எந்தக் கணக்கைக் காட்டுவார்?

ஆடைகளுக்கான துணை விதியை ஆணையத்தின் செயல்திட்டம் உத்தேசமாக 2027-க்குக் குறித்திருக்கிறது. நம் அதிகாரிகள் பிரஸ்ஸல்ஸில் மனுக் கொடுப்பதோடு நில்லாமல், ஸ்டாக்ஹோமிலும் ஹேக்கிலும் நம் ஆடையை வாங்கி விற்கும் வணிகர்களை இப்போதே சந்திக்க வேண்டும். 2005-இல் துறைமுகக் கதவைத் திறக்க வைத்தவர்கள் அவர்களே.