நீலியின் வழக்கு

சென்னைப் பேய்களைப் பற்றி எழுதலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டபோது முதலில் மறுத்தேன். இந்த நகரத்தின் பேய்கள் மிகவும் இளையவை. 1639க்குப் பிறகு கோட்டை வந்தது, கடைத்தெரு வந்தது, பின்னால் பேய்களும் வந்து சேர்ந்தன. ஆழ்வார்ப்பேட்டை டிமாண்டி காலனிப் பேயைத் தெரியாதவர்கள் குறைவு. 2015இல் அது சினிமாவாகவும் ஆகிவிட்டது. 1821இல் இறந்த ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வம்சாவளி வணிகர், சித்தம் கலங்கியவளாகச் சொல்லப்படும் அவர் மனைவி, பூட்டிக் கிடந்த வீடுகள், இரவில் நடமாட்டம். வணிகரின் சொத்து திருச்சபைக்குப் போயிற்று. மனைவி கதைக்குப் போனாள். இந்தப் பங்கீட்டை அப்போது நான் கவனிக்கவில்லை.

வணிகன், மனைவி, பேய் என்ற இதே சேர்க்கை சென்னைக்கு மேற்கே ஒரு மின்ரயில் தூரத்தில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையோடு இருக்கிறது. திருவள்ளூர் தாண்டி அரக்கோணத்துக்கு முன்னால் திருவாலங்காடு. பக்கத்தில் பழையனூர். பழையனூர் நீலியின் கதையை நம் பாட்டிகள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கதை மறந்தவர்களிடமும் 'நீலிக் கண்ணீர்' என்ற தொடர் மிச்சமிருக்கிறது. ஒரு பேய்க்கதை ஒரு மொழியின் அன்றாடப் பேச்சுக்குள் இவ்வளவு ஆழமாகப் புதைந்திருப்பதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடங்கள் பல, நாஞ்சில் நாட்டில் அது கள்ளியங்காட்டு நீலியாகி வில்லுப்பாட்டில் ஏறியிருக்கிறது. தொண்டை நாட்டில் பரவலாக வழங்குவது இது. காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் காசிக்குப் போன இடத்தில் இன்னொருத்தியை மணக்கிறான். ஊர் திரும்பும்போது, முதல் மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்று, அவளை ஆலங்காட்டருகில் கொன்றுபோடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறப்பில் வணிகனாகிறான். மந்திரித்த கத்தி ஒன்று கையிலிருக்கும்வரை பேய் அண்டாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் பழையனூர் வழியாக வரும்போது நீலி பெண்ணுருவெடுத்து, கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான்' என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். சபையில் எழுபது வேளாளர்கள். வணிகன் இவளை எனக்குத் தெரியாது, இவள் பேய் என்கிறான். கீழே இறக்கிவிட்ட குழந்தை 'அப்பா' என்று அவனிடம் போகிறது. வழக்கு அங்கே முடிந்துவிடுகிறது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் எழுபது பேரின் உயிர் பிணை என்று சொல்லி அவனை அவளோடு ஒரு வீட்டில் தங்கவைக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள்.

சம்பந்தர் தமது ஆலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். ஆகவே ஏழாம் நூற்றாண்டில் இது தெரிந்த கதை. பின்னால் சேக்கிழார் புராணம் இதை வேளாளர்களின் பெருமையாகப் பேசுகிறது. தீயில் இறங்கியவர்களுக்கு இன்றும் பழையனூரில் நினைவு மண்டபம் உண்டு. நான் போயிருக்கிறேன். சிற்பத்தில் தீயும் கைகூப்பிய மனிதர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை நாம் படித்துவந்த விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. நீலியின் கண்ணீர் பொய்க் கண்ணீர் என்று மொழி தீர்ப்பெழுதிவிட்டது. ஆனால் வினையையும் மறுபிறப்பையும் ஒப்புக்கொண்ட கதையின் தர்க்கத்துக்குள்ளேயே நின்று பார்த்தால், அவள் சபையில் சொன்ன முக்கியமான வாக்கியம் உண்மை. அவன் அவளுடைய கணவன்தான். அவளைக் கைவிட்டவன்தான்; கைவிட்டதோடு நில்லாமல் கொன்றவன். 'இவளை எனக்குத் தெரியாது' என்றதுதான் பொய்யான சாட்சியம், அவன் அறியாமல் சொன்னதாகவே இருக்கட்டும். நீலி கூட்டிச் சொன்னது குழந்தை ஒன்றைத்தான். முதல் கொலைக்கு எந்தச் சபையும் கூடவில்லை. அதற்குச் சாட்சியும் இல்லை, பிணையாக உயிர் வைத்தவரும் இல்லை. இரண்டாவது கொலைக்கு எழுபது உயிர்.

இன்னொரு விசித்திரம்: அந்தச் சபை ஒரு பெண்ணின் வார்த்தையை நம்பியது. பழங்கதைகளில் அபூர்வமாக நடக்கிற காரியம். அப்படி நம்பியதற்கு என்ன நேர்ந்தது பார் என்பதுதான் பரம்பரை பரம்பரையாகக் கடத்தப்பட்ட பாடம்.

அதே ஆலங்காட்டில் இன்னொரு பேயும் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே முத்திரையிட்டுக்கொள்கிறார். அவரும் வணிகன் மனைவி. சேக்கிழார் சொல்கிறபடி, மாங்கனி அற்புதத்தைக் கண்டு மிரண்ட பரமதத்தன் கப்பலேறிப் போனவன், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். தேடி வந்த முதல் மனைவியின் காலில் விழுகிறான். இனி இந்தச் சதை யாருக்காக என்று கேட்பவள்போல அவர் அழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெறுகிறார். கைவிடப்பட்ட இரண்டு மனைவிகள், இரண்டு வணிகர்கள், ஒரே சுடுகாடு. ஒருத்தியை அறுபத்துமூவரில் சேர்த்தார்கள், மற்றவளை வசவாக்கினார்கள். கணவனைத் தண்டிக்காமல் விட்டவளுக்குக் கோயிலில் இடம் கிடைத்தது என்று சொன்னால் சைவ நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். ஆனால் அம்மையாரின் பதிகத்தைப் படித்தவர்களுக்கு அவர் நீலியின் உலகத்தை எவ்வளவு அருகிலிருந்து அறிந்தவர் என்பது தெரியும். அவருடைய சுடுகாட்டில் பேய்த்தாய் ஒருத்தி பிள்ளைக்குப் பாலூட்டிப் பெயரும் வைக்கிறாள். பயமுறுத்துவதற்காக எழுதியதல்ல அது. அங்கே குடியிருந்தவர் எழுதியது.

சமணர்கள் செய்தது இன்னும் துணிச்சலானது. நீலகேசியில் பழையனூர் நீலி, வடக்கே ஒரு சுடுகாட்டில் தவத்திலிருக்கும் முனிசந்திரரை மிரட்ட அனுப்பப்படுகிறாள். மிரட்ட முடியவில்லை. அவரிடமே பாடம் கேட்டு, தர்க்கம் கற்று, குண்டலகேசி தொடங்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என்று ஒவ்வொருவராக வாதில் வெல்கிறாள். கடைசி எதிரி, உயிர் என்று தனியாக ஒன்றில்லை என்னும் பூதவாதி. பேயாக இருந்தவள் உயிர் உண்டென்று வாதாடுகிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அந்த நூலைப் பதிப்பித்தார். நமது விமர்சனம் அதைச் சமயத் தர்க்க நூல் என்று அலமாரியில் வைத்துவிட்டது. சபையில் நின்று வாதாடத் தெரிந்தவள் என்ற நீலியின் பழைய குணத்தைச் சமணப் புலவன் ஒருவன்தான் கவனித்திருக்கிறான்.

பழையனூருக்குக் கல்லும் செம்பும் கொண்ட சரித்திரமும் இருக்கிறது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முப்பத்தொன்று. முதலாம் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைப் பிரம்மதேயத்திலிருந்து நீக்கி, வெள்ளான்வகையாக்கி, ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த விவரம் அவற்றில் வருகிறது. ஊரின் எல்லையை ஏட்டுக்கு ஏடு நுணுக்கமாகச் சொல்லிச் செல்லும் சாசனம். ஆலங்காட்டு நடராஜர் எழும்பூர் மியூசியத்துக்கு வந்து, அதன் புகைப்படங்களைப் பார்த்து ரோதின் எழுதியும் ஆயிற்று. நிலம் அரசனின் ஏட்டில், விக்கிரகம் நகரத்தின் கண்ணாடிக் கூண்டில். நீலிக்கு வாய்ப்பேச்சுதான்.

இவ்வளவையும் நான் யோசிக்க நேர்ந்தது ஆலங்காட்டில் அல்ல, இதே மாவட்டத்தின் இன்னொரு ரயில் பாதையில்.

1990களின் தொடக்கத்தில் மூன்றாண்டுகள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் காலை ஷிப்ட் உள்ளே போன பிறகு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கேட்டில் வந்து நின்றாள். எல்லைப்புறத்துத் தெலுங்கு கலந்த தமிழ். புருஷன் உள்ளே வேலை செய்கிறான், ஒரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்றாள். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். "நீலிக் கண்ணீர் சார், இதுமாதிரி தெனம் ஒண்ணு வரும்" என்று என் காதுபடச் சொன்னார். அவள் காதிலும் விழுந்திருக்கும். "பேரைப் பாருங்கய்யா" என்றாள். நான் மஸ்டர் ரோலை எடுத்துப் புரட்டினேன். அப்படி ஒரு பெயர் இல்லை. இல்லையம்மா என்றேன். குழந்தை கம்பிக்குள் கையை விட்டு என் பேனாவைப் பிடிக்கப் பார்த்தது. அவள் அழவில்லை என்பதை இப்போது சொல்ல வேண்டும். சாயங்காலம் வரைக்கும் எடைமேடைப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் மூன்றாம் ஷிப்டில் பேய் வந்துவிட்டது. எடைமேடையில் ஒரு பொம்பளை, இடுப்பில் பிள்ளை, லாரி டிரைவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு முகமே இல்லை என்று ஒருவர், அது வெறும் கட்டை என்று இன்னொருவர். கிரேன் ஆபரேட்டர் ஒருவர் கழுத்தில் தாயத்து ஏறியது. கேட்டருகே பூசணிக்காய் உடைத்தார்கள். கதை சொன்ன யாருக்கும் பகலில் வந்த அந்தப் பெண்ணை ஞாபகமில்லை, வாட்ச்மேனும் மாறியிருந்தார். ஆனால் எல்லோர் கதையிலும் பேய் கேட்டது ஒன்றையேதான்: பேரைப் பாருங்க.

நான் அதைப் பார்க்கவில்லை. டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இரவு ஷிப்ட் கிடையாது.

மஸ்டர் ரோலில் கம்பெனி ஆட்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கான்ட்ராக்டர் தனி நோட்டு வைத்திருந்தார். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். அவருடைய தகரக் கொட்டகை என் மேஜையிலிருந்து முப்பதடி தூரத்தில் இருந்தது.